பலர் கையில் ஒரே வில்லன்: கெத்து குறையாமல் எழுதுவது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நாங்கள் ஏழு பேர். நான்கு வருஷமாக ஒரே கற்பனைத் துறைமுக ஊரை வைத்து ஆளுக்கொரு கதையாக எழுதி வருகிறோம். ஒருவர் கதையில் இடிந்த பாலம் அடுத்தவர் கதையிலும் இடிந்துதான் கிடக்கும். ஒருவர் உருவாக்கிய மீன்காரம்மா இன்னொருவர் கதையில் சாட்சி சொல்ல வருவார். ஊரின் பெரிய வில்லன் வட்டிக்காரர். யார் எதைக் கேட்டாலும் கடனாகக் கொடுப்பார், திருப்பி வாங்கும்போது தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். முதல் கதையில் ஒரு மீனவர் மகளின் பெயரை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அப்புறம் அந்த வீட்டில் யாராலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை.

புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி வில்லனைப் பற்றித்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பொதுக் கதையுலகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

உலகம் ஒன்று, அதன் வரலாறு ஒன்று, எழுதுகிறவர்கள் பலர். மார்வெல், டிசி காமிக்ஸ் அப்படித்தான் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடர்கள் அப்படித்தான். முகம் தெரியாத எத்தனையோ பேர் சேர்ந்து இணையத்தில் எழுதும் எஸ்சிபி ஃபவுண்டேஷன் என்ற திகில் கதைத் தொகுப்பும் அந்த வகைதான். நம்மூர்த் தெருக்கூத்தையும் இதில் சேர்ப்பேன். துரியோதனன் ஒருவன், அவன் வேஷம் கட்டுகிற ஜமாக்கள் எத்தனையோ.

தனியாக நாவல் எழுதும்போது வராத சிக்கல் இங்கே மட்டும் ஏன் வருகிறது?

தனியாக எழுதுகிறவருக்கு வில்லன் எத்தனை தடவை தோற்கிறான் என்ற கணக்கு கையில் இருக்கும். ஏழு பேர் எழுதும்போது ஆளுக்கொரு நாயகன் அல்லது நாயகி இருப்பார், தன் ஆள் ஊரின் பெரிய வில்லனோடு ஒரு தடவையாவது மோதி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கும். இதில் தப்பே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஏழு கதையும் நன்றாகவே வந்திருக்கும். ஆனால் வாசகர் ஏழையும் வரிசையாகப் படிக்கிறார், படித்து முடிக்கும்போது ஏழு தடவை அடி வாங்கிய ஒருத்தனைத்தான் பார்க்கிறார்.

இதை ஊர் ஏரி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வில்லன்மேல் வாசகருக்கு இருக்கும் பயம்தான் தண்ணீர். ஜெயிக்கிற கதை எழுதுகிறவர் மடையைத் திறந்து தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்கிறார். பாய்ச்சட்டும், ஏரி இருப்பதே அதற்குத்தான். ஆனால் எல்லாரும் மடையைத் திறந்துகொண்டே இருந்து யாரும் தூர்வார வராவிட்டால் கடைசியாக வருகிறவருக்குச் சேறுதான் மிஞ்சும். அவர் எவ்வளவு நல்ல எழுத்தாளராக இருந்தாலும் அவருடைய நாயகன் அடைந்த வெற்றிக்கு மதிப்பு இருக்காது.

அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஊர்க்காரர்களே கூடித் தூர்வாரிக் கரை போடுவார்கள். எங்கள் குழுவிலும் அப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வில்லனைத் தோற்கடித்து ஒருவர் கதை எழுதினால், அவரே அடுத்ததாக வில்லன்மேல் பயத்தைக் கூட்டுகிற ஒரு கதையும் எழுதித் தர வேண்டும். அதில் தன் நாயகனை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தடவை நாயகன்தான் ஏதாவது இழக்க வேண்டும். பாக்கி எல்லா விதிகளையும் நாங்கள் அடிக்கடி மாற்றியிருக்கிறோம். இதை ஒருநாளும் தொட்டதில்லை.

பெரிய தொடர்களில் வில்லன் இப்படி நீர்த்துப்போனதற்கு உதாரணம் இருக்கிறதா?

எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஸ்டார் ட்ரெக்கில் வரும் 'போர்க்' (Borg) என்கிற கூட்டம். பாதி உடல் பாதி இயந்திரமாக இருக்கும் இவர்கள் எந்த இனத்தைப் பிடித்தாலும் தங்களோடு இணைத்துக்கொள்வார்கள், இணைந்தவருக்கு அதன்பின் தன் மனம் என்று ஒன்று கிடையாது. 1989இல் முதன்முதலாக வந்தபோது நாயகர்களின் எண்டர்பிரைஸ் விண்கப்பலால் அவர்களை எதுவுமே செய்ய முடியவில்லை. 18 பேரைப் பறிகொடுத்த கப்டன் பிக்கார்ட், தன்னால் முடியவில்லை என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டு, கியூ என்கிற விஷமக்கார சக்தியிடம் உதவி கேட்டுத்தான் தப்பிக்கிறார். 1990இல் மறுபடி வந்தார்கள். இந்த முறை பிக்கார்டையே பிடித்து மாற்றிவிட்டார்கள், உல்ஃப் 359 என்ற இடத்தில் அந்தக் கூட்டத்தின் ஒரே ஒரு கப்பல் 39 கப்பல்களை அழித்தது. அந்தப் போரைக்கூடத் திரையில் நேராகக் காட்டவில்லை. நாயகர்கள் தாமதமாக வந்து சேர்ந்து, மிதக்கிற சிதிலங்களைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வெவ்வேறு எழுத்தாளர்கள் கையில் போர்க் மாறிக்கொண்டே போனது. 1992இல் கூட்டத்திலிருந்து பிரிந்த ஒருவனுக்குப் பெயரும் தனி மனமும் வந்தது, அது அருமையான கதை. 1996இல் வந்த படம் அவர்களுக்கு ஒரு ராணியைக் கொடுத்தது, அந்தப் படமும் எனக்குப் பிடிக்கும். 1995 முதல் 2001 வரை ஓடிய வாயேஜர் என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில், வீட்டுக்குத் திரும்ப வழி தேடும் ஒற்றைக் கப்பல் திரும்பத் திரும்ப அவர்களைச் சந்தித்துத் தப்பித்து, ஒரு கட்டத்தில் அவர்களிடமிருந்தே கருவியைத் திருடிக்கொண்டும் வந்தது. ஒவ்வொரு கதைக்கும் அதற்கான நியாயம் இருந்தது, சில கதைகள் பிரமாதமாகவும் இருந்தன. ஆனால் 39 கப்பல்களை அழித்த கூட்டத்தைத் தனியாக அலையும் ஒரே கப்பல் பலமுறை சமாளித்தது என்றால், பழைய பயம் எங்கே இருக்கும்? எனக்கு அந்தத் தொடரின் பிற்பகுதியில் அந்தக் கூட்டத்தின் கப்பல் திரையில் வரும்போது வயிற்றில் எதுவும் செய்யவில்லை. 1989இல் வந்த அந்த முதல் எபிசோடை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் செய்கிறது.

அப்படியானால் வில்லன் தோற்கவே கூடாதா?

தோற்கலாம். நன்றாகத் தோற்க வேண்டும்.

கம்பராமாயணத்தில் இராவணன் முதல் நாள் போரில் தோற்பதைப் பாருங்கள். தேர் போயிற்று, ஆயுதம் போயிற்று, மகுடம் போயிற்று. கொல்லக்கூடிய நிலையில் இருந்த இராமன் இன்று போய் நாளை வா என்று சொல்லி அனுப்புகிறான். இதைவிடப் பெரிய அவமானம் ஒரு வீரனுக்கு இல்லை. நியாயமாகப் பார்த்தால் அத்தோடு இராவணன்மேல் இருந்த பயம் தீர்ந்திருக்க வேண்டும், ஆனால் தீரவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

முதல் காரணம், கம்பர் அந்தத் தோல்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு இலங்கைக்குள் நுழைகிறவனின் பெருமைகளை, எந்த மார்பு, எந்தத் தோள், எந்த வாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அவன் இழந்ததைச் சொல்கிறார். படிக்கிறவருக்கு அவன் எவ்வளவு பெரியவன் என்பது தோல்வி நேரத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. அப்புறம், அவனுக்கு அந்தத் தோல்வி வலிக்கிறது. தேவர்கள் சிரிப்பார்களே என்பதைக்கூடத் தாங்கிக்கொள்வான், சீதை சிரிப்பாளே என்றுதான் குன்றிப்போகிறான். மூன்றாவதாக, அதுதான் எழுதுகிறவர்களுக்கு முக்கியம், அந்த வலியினால் அவன் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்கிறான். தூங்குகிற கும்பகர்ணனை எழுப்பச் சொல்கிறான். அதைத் தொடர்ந்து இந்திரஜித்தின் நாகபாசம், பிரம்மாஸ்திரம் என்று இராமன் பக்கம் பிணக்காடாகிறது. முதல் நாள் வென்றதனால் இராமனுக்கு நிலைமை மோசமாயிற்றே தவிர, எளிதாகவில்லை.

தோற்ற வில்லன் அடுத்த கதையில் ஒன்றுமே நடக்காதது போல அதே திட்டத்தோடு, அதே சிரிப்போடு வந்து நின்றால் வாசகர் கைவிட்டுவிடுவார். தோல்வி அவனை மாற்ற வேண்டும், மாறின வில்லன் முன்னைவிட ஆபத்தானவனாக இருக்க வேண்டும்.

சரி, என் நாயகி அவரை ஜெயித்தே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன். என்ன வழி?

முதலில் இந்தக் குறிப்பிட்ட கதையில் வில்லனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். உலகத்தை ஆள வேண்டும் மாதிரிப் பொதுவாக வேண்டாம், இந்த வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பத்திரத்தில் இந்த ஆளின் கைநாட்டு வேண்டும் என்கிற அளவுக்குத் துல்லியமாக. உங்கள் நாயகி அதைத் தடுக்கட்டும். அவரை வீழ்த்தத் தேவையில்லை, அந்த வெள்ளிக்கிழமையை அவரிடமிருந்து பிடுங்கினால் போதும். வாசகருக்கு முழு வெற்றியின் திருப்தி கிடைக்கும், வில்லனும் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு நடந்து போவார்.

இன்னொரு வழி, வெற்றிக்கு விலை வைப்பது. எங்களில் ஒருவர் எழுதிய கதையில் நாயகி தன் தம்பியை வட்டிக்காரரிடமிருந்து மீட்டுக்கொண்டு வருகிறாள். அதற்காகத் தன் அம்மாவின் குரல் ஞாபகத்தைக் கொடுத்துவிட்டு வருகிறாள். கதை முடியும்போது தம்பி தூங்குகிறான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா பாடிய தாலாட்டை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள், வரிகள் வருகின்றன, குரல் வரவில்லை. அந்தக் கதையில் ஜெயித்தது அவள்தான். வட்டிக்காரர்மேல் பயம் கூடியதும் அந்தக் கதையில்தான்.

உயிரோடு தப்பிப்பதையே வெற்றியாக எழுதலாம். அவருடைய அடியாளை வெல்லலாம். அவரை நேரில் பார்க்காமலே ஒரு கதையை முடிக்கலாம், எங்கள் தொகுப்பில் எனக்குப் பிடித்த இரண்டு கதைகளில் அவர் ஒரு பக்கம்கூட வருவதில்லை, ஊர்க்காரர்கள் அவர் வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான்.

வில்லனின் பலத்தைக் காட்ட இன்னொருவருடைய நாயகனை அடித்துப் போடலாமா?

ஒரு தடவை, கேட்டுவிட்டு.

ஸ்டார் ட்ரெக்கில் வோர்ஃப் என்று கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்து வீரன் ஒருவன் இருக்கிறான், கப்பலிலேயே முரட்டு ஆள் அவன்தான். புதிதாக யார் வந்தாலும் அவர்கள் பலசாலி என்று காட்ட முதலில் அவனைத் தூக்கி எறிவார்கள். நாலைந்து தடவை ஆனதும் எறிகிறவர்கள்மேல் பயம் வரவில்லை, வோர்ஃப்மேல் இருந்த மரியாதைதான் போயிற்று. ரசிகர்கள் இந்த உத்திக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பொதுக் கதையுலகில் இது இன்னும் வலிக்கும், ஏனென்றால் அந்த வோர்ஃப் இன்னொரு எழுத்தாளர் ஒரு வருஷம் பாடுபட்டு வளர்த்த ஆள். 1979இல் தொடங்கிய தீவ்ஸ் வேர்ல்ட் என்ற அமெரிக்கக் கூட்டுக் கதைத் தொகுதியிலேயே, மற்றவரின் பாத்திரத்தைப் பயன்படுத்தலாம், கேட்காமல் கொல்லவோ அடியோடு மாற்றவோ கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். அந்த விதியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். யாருடைய ஆள் தோற்கிறாரோ, அந்தத் தோல்விக் காட்சியை அந்த எழுத்தாளரே எழுதித் தருவது இன்னும் நல்லது. தன் ஆள் எங்கே உடைவார் என்று அவருக்குத்தான் தெரியும்.

முந்தைய கதையில் தோற்றது நிஜ வில்லன் இல்லை, அவனுடைய டூப் என்று எழுதிவிடலாமா?

இதற்குப் பெயர் பெற்றவன் மார்வெலின் டாக்டர் டூம். 1962இல் அறிமுகமானான். ஒரு நாட்டின் அரசன், விஞ்ஞானி, மந்திரவாதி, கர்வத்தின் மொத்த உருவம். 1981இல் வந்த ஒரு எக்ஸ்-மென் கதையில் ஆர்க்கேட் என்ற சில்லறை வில்லன் டூமின் கவசத்தில் தீக்குச்சியை உரசிப் பற்றவைத்துக்கொள்கிறான், டூம் பேசாமல் இருக்கிறான். அப்போது ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழை எழுதி வரைந்துகொண்டிருந்தவர் ஜான் பைர்ன். டூம் ஒருநாளும் இதைச் சகித்துக்கொள்ள மாட்டான் என்பது அவர் கட்சி. 1983இல் தன் இதழில், ஆர்க்கேடுடன் இருந்தது டூம் செய்த இயந்திர பொம்மை என்று காட்டி, அந்தத் தீக்குச்சிக் கீறலுக்காக டூமே அந்தப் பொம்மையை அழிப்பதாக எழுதினார்.

அந்த ஒரு தடவைக்கு அது அபாரமான பதில். சின்ன அவமானத்துக்குக்கூட இவன் என்ன செய்வான் என்று காட்டியதால் டூம் இன்னும் பயங்கரமாகத் தெரிந்தான். ஆனால் வழி திறந்துவிட்டது. அதன்பின் டூம் எங்கே தோற்றாலும் அது பொம்மையாக இருக்கலாம் என்று வாசகரே சொல்லத் தொடங்கினார்கள், அப்படிச் சொல்ல முடிந்தால் டூமை ஜெயிப்பதிலும் அர்த்தம் இல்லை, டூம் ஜெயிப்பதிலும் அர்த்தம் இல்லை. மார்வெலின் இன்னொரு வில்லன் தானோஸுக்கும் இதேதான் நடந்தது. அவனை உருவாக்கிய ஜிம் ஸ்டார்லின், 2002இல் எழுதிய ஒரு கதையில், மற்றவர்கள் எழுதிய சில தானோஸ்களை நகல்கள் என்று ஒதுக்கிவைத்தார்.

பழைய கதையில் நடந்ததைப் பிற்பாடு மாற்றி எழுதும்போது ஒரு சக எழுத்தாளரிடம் உன் கதை நடக்கவே இல்லை என்று சொல்கிறோம். எங்கள் குழுவில் ஒருதடவை இதைக் கேட்காமல் செய்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் சண்டை போடவில்லை, மூன்று மாதம் எதுவும் எழுதவில்லை, அது எங்கள் எல்லாருக்கும் பாரமாக இருந்தது. இப்போது எங்கள் முடிவு: நடந்தது நடந்ததுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று வேண்டுமானால் பிற்பாடு புதிதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எல்லாம் அவன் போட்ட திட்டம்தான் என்று எழுதினால்?

அதுவும் டூப் கதைதான், சட்டை மட்டும் வேறு. வேண்டாம்.

யாராவது செத்தால்தான் பயம் வருமா?

சாவைவிட, திரும்பி வராத இழப்புதான் பயத்தைத் தருகிறது. பேட்மேன் கதைகளின் வில்லன் ஜோக்கர் 1988இல் செய்த இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்மேனின் துணையாளான ஜேசன் டாட் அந்த வருஷம் இறந்தான். அவன் பிழைக்கட்டுமா என்று வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர், வித்தியாசம் 72 வாக்குதான். அதே வருஷம் பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டனை ஜோக்கர் சுட்டதில் அவர் நடக்க முடியாமல் போனார்.

அதற்குப் பிறகு வந்த எழுத்தாளர்கள் இதை உடனே சரிசெய்துவிடாமல் காத்தார்கள். ஜேசன் 2005 வாக்கில்தான் திரும்பினான். பார்பரா 2011 வரை சக்கர நாற்காலியிலேயே இருந்தார், ஆரக்கிள் என்ற பெயரில் முன்னைவிடப் பெரிய ஆளாகவும் ஆனார். இருபது வருஷத்துக்கு மேல், அவர் எந்தக் கதையில் வந்தாலும், ஜோக்கரின் பெயரே சொல்லாமல் ஜோக்கர் அங்கே இருந்தான். ஒரு பெண்பாத்திரத்தை இப்படி இன்னொருவர் கதைக்காகச் சுட்டுப் போட்டது சரியா என்று எழுந்த கேள்வி நியாயமானது, நானும் அந்தக் கேள்வியோடுதான் நிற்கிறேன். பார்பராவுக்கு நடந்ததை ஒரு துக்கச் செய்தியாக விட்டுவிடாமல் அவரை நாயகியாக வளர்த்தவர்கள்தான் அந்தக் கதையைக் காப்பாற்றினார்கள்.

எண்ணிக்கையில் வேலை செய்யாதீர்கள். ஆயிரம் பேர் செத்த ஊர் என்று ஒரு வரி எழுதுவதைவிட, பெயரைப் பறிகொடுத்த அந்த மீனவர் மகளை அவளுடைய அம்மா ஒவ்வொரு நாளும் கையைத் தட்டிக் கூப்பிடுவது எங்கள் வாசகர்களை அதிகம் உறுத்துகிறது.

வில்லனைவிடப் பெரிய வில்லனைக் கொண்டுவந்தால் பழைய பயம் திரும்புமா?

பழைய வில்லனைக் கொல்கிற வேகமான வழி இது. போர்க்கையே பந்தாடும் ஓர் இனத்தை 1997இல் வாயேஜரில் கொண்டுவந்தார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருந்தது, ஆனால் அன்றைக்கு போர்க் உதவிக்கு ஆள் தேடுகிற நிலைக்கு இறங்கிவிட்டது.

எதிர்த்திசையில் போய்ப் பாருங்கள். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் 1963இலிருந்து வருகிற டாலெக் என்ற வில்லன்கள், பார்க்கப் பெரிய மிளகுத்தூள் புட்டி மாதிரி இருக்கும், கையில் கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கோப்பை மாதிரி ஒன்று. படிக்கட்டு ஏறமாட்டாது என்று வருஷக்கணக்கில் கேலி. 2005இல் தொடரை மறுபடி தொடங்கியபோது படை படையாகக் கொண்டுவராமல் ஒரே ஒரு டாலெக்கை, அதுவும் சங்கிலியில் கட்டிவைத்த கைதியாகக் கொண்டுவந்தார்கள். அது விடுபட்டதும் அந்த ரப்பர் கோப்பையாலேயே ஒருவனை மூச்சடைத்துக் கொல்கிறது. படிக்கட்டில் ஏறித் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பவர்களைப் பார்த்துக்கொண்டே மேலே மிதந்து வருகிறது. கேலியை ஒவ்வொன்றாக எடுத்து ஆயுதமாக்கியிருந்தார்கள். எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொன்றுக்கும் கனம் கூடும்.

அழிக்கவே முடியாத வில்லன் என்று வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

எஸ்சிபி உலகத்தில் 682 என்ற எண் கொண்ட ஒரு பல்லி இருக்கிறது, எதைக் கொண்டு தாக்கினாலும் தகவமைத்துக்கொண்டு பிழைக்கும். அதைக் கொல்ல நடந்த முயற்சிகளுக்கென்றே நீண்ட பட்டியல் உண்டு. முதல் சில முயற்சிகளைப் படிக்கும்போது நடுக்கம், பட்டியல் நீள நீள எனக்கு அது ஒரு விளையாட்டு ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது. சாகாது என்று தெரிந்துவிட்டால் கேள்வி முடிந்துவிடுகிறது. வில்லனுக்கு ஒரு பலவீனம் இருக்கட்டும், அதைப் பயன்படுத்த யாருக்கும் மனசு வராத மாதிரி இருக்கட்டும்.

வில்லனை வைத்துக் காமெடி எழுதலாமா?

தாராளமாக. மார்வெலில் ஸ்குவிரல் கேர்ள் என்று அணில்களோடு பேசும் ஒரு பெண் 1990களின் தொடக்கத்தில் வந்த தன் முதல் கதையிலேயே டாக்டர் டூமைத் தோற்கடித்தாள். டூம் அதனால் செத்துவிடவில்லை. நம் கூத்தில் கட்டியக்காரன் துரியோதனனை எவ்வளவு கிண்டல் செய்கிறான்! அதே ராத்திரி, துகில் உரியும் காட்சி வரும்போது களமே அடங்கிவிடும். துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதும் உண்டு. சிரிப்புக்கென்று ஒருவன், அவனுக்கென்று ஒரு நேரம் என்று இருப்பதால்தான் இரண்டும் நிற்கின்றன. வில்லனே ஜோக் அடிக்கத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

வில்லனை அவன் என்று எழுதுவதா, அவர் என்று எழுதுவதா?

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். தமிழில் பலர் சேர்ந்து எழுதும்போது இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. வட்டிக்காரரை எங்கள் கதைகளில் எல்லாரும் அவர் என்றுதான் சொல்வார்கள், அவரால் குடும்பம் அழிந்தவர்கள்கூட. அவரும் எல்லாரையும் தம்பி, அம்மா, நீங்கள் என்றுதான் பேசுவார். அந்த மரியாதைதான் அவருடைய கத்தி. இரண்டாம் வருஷம் ஒருவர் தன் கதையின் விவரிப்பில், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "அவன் சிரித்தான்" என்று எழுதிவிட்டார். அடுத்த கதையில் இன்னொருவர் அவரை டேய் என்று கத்தவிட்டார். இரண்டே கதையில் அவர் தெருமுனை ரவுடியாகிவிட்டார். இப்போது யார் அவரை அவன் என்று சொல்லலாம் என்பதற்குக் கணக்கு உண்டு: பெயரைப் பறிகொடுத்த அந்தப் பெண் ஒருத்தி மட்டும். அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் சுற்றி நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன வில்லனை மீட்க முடியுமா?

முடியும். 1954இல் அமெரிக்காவில் காமிக்ஸ் தணிக்கை வந்தபின் ஜோக்கர் கொலைகாரனிலிருந்து குறும்புக்காரனாகிவிட்டான். 1973இல் டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் ஒரே இதழில் அவனை மறுபடி கொலைகாரனாக்கினார்கள். இடைப்பட்ட வருஷங்களுக்கு மன்னிப்போ விளக்கமோ கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, நல்ல ஒரு கதையைச் சொன்னார்கள்.

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். மூன்றாம் வருஷத்துக்குள் ஐந்து நாயகர்கள் வட்டிக்காரரின் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்துத் தப்பித்திருந்தார்கள். ஆளுக்கொரு ஓட்டை, ஒவ்வொன்றும் சாமர்த்தியமானது. வாசகர் ஒருவர், முதலில் இவரை ஒரு நல்ல வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினார். அவர் சொன்னது சரி. ஒன்றுமே நடக்கவில்லை என்று எதையும் அழிக்காமல், எங்களில் இளையவர் ஒருவர் ஆறாவது கதையை எழுதினார். அதில் நாயகன் பத்திரத்தைக் கையில் வாங்குகிறான், நமக்குத் தெரிந்த முதல் ஓட்டையைத் தேடுகிறான், அந்த இடத்தில் புதிதாக ஒரு வரி. இரண்டாவதைத் தேடுகிறான், அங்கேயும் ஒரு வரி. ஐந்தும் அடைபட்டிருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதை அவருக்குக் கற்றுக்கொடுத்த பழைய நாயகரின் பெயர் நன்றியோடு எழுதியிருக்கிறது. ஐந்து தோல்வியும் அப்படியே நின்றன, ஐந்தும் சேர்ந்து அவரைப் பெரிதாக்கின. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இதையெல்லாம் யார் கண்காணிப்பது?

ஒரு பேரேடு போதும். எந்தக் கதை, வில்லனுக்கு அதில் என்ன வேண்டியிருந்தது, கிடைத்ததா, எதை இழந்தார், எதைக் கற்றார், கடைசியாக யார் அவரைத் தோற்கடித்தது. எழுதத் தொடங்கும் முன் எல்லாரும் அதைப் படிக்க வேண்டும். மூன்று மாதம் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்வார், அப்புறம் அடுத்தவர். நாட்டாமை என்று யாரும் தேவைப்படவில்லை.

கடைசியில் எப்போது அவருக்கு விடை கொடுப்பது?

அவசரப்படாதீர்கள். 1940இல் பேட்மேன் முதல் இதழிலேயே ஜோக்கர் சாக வேண்டியவன். விட்னி எல்ஸ்வர்த் என்ற ஆசிரியர் தடுத்துக் கடைசியில் பிழைத்தான் என்று மாற்றச் சொன்னார். ஆனால் எல்லா உலகமும் எண்பது வருஷம் ஓடப்போவதில்லை. எங்கள் உலகத்துக்கு இன்னும் ஒரு வருஷம்தான் என்று நாங்கள் ஏழு பேரும் பேசி முடிவெடுத்திருக்கிறோம், அதனால் வட்டிக்காரரின் கடைசிக் கதையை யாரும் தனியாக எழுதப்போவதில்லை. ஆளுக்கொரு அத்தியாயம். முதல் கதையை எழுதியவர் கடைசி அத்தியாயத்தை எழுதுவார். வட்டிக்காரர் எப்படிப் போகிறார் என்பது முடிவாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் திரும்பக் கிடைக்குமா என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. நாலு பேர் கிடைக்கக் கூடாது என்கிறார்கள். கிடைக்க வேண்டும் என்கிற மூன்று பேரில் நானும் ஒருவர், போன ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு பேரில் ஒருவரைக் கிட்டத்தட்ட என் பக்கம் இழுத்துவிட்டேன்.